விடுதிக்குப் போகும் முன் தைத்து முடிக்க வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிந்தால் கல்லூரி வாசலை மிதிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாது. கலந்தாய்வு வழியாகப் பொறியியலுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே கிடைக்கும். வீட்டு மூலையில் துணி மூடிக் கிடக்கும் தையல் மிஷினைத் தொட்டுப் பழக இதைவிட நல்ல சமயம் வராது. ஆனால் எதைத் தைப்பது என்பதில் கறாராக இருக்க வேண்டும். கோடை விடுமுறைக் கைவேலை என்று சொல்லித் தரப்படுபவற்றில் பாதி சுவரில் மாட்டுகிற அலங்காரங்கள். மூன்று பேர் தங்கும் விடுதி அறையில் அவற்றுக்குச் சுவரே இருக்காது. அங்கே நீங்கள் தைத்த பொருளை வாளியில் ஊறவைப்பார்கள், கல்லில் அடிப்பார்கள், கொடியில் வெயில் காய விடுவார்கள். அதைத் தாங்குகிற நான்கைந்து பொருள்களை மட்டும் தைத்தால் போதும்.

கீழே இருப்பவை எல்லாம் முதல் மாதத்திலேயே தேவைப்படுபவை. பாக்கெட் தவிர மற்றவை பையன்களுக்கும் சேர்த்துத்தான். பட்டன் யார் சட்டையிலும் அறுந்து விழும்.

மிஷினோடு முதல் மூன்று நாள்

முதல் நாள் நூல் கோக்கவே வேண்டாம். பழைய கோடு போட்ட நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, ஊசியை மட்டும் மாட்டி, கோட்டின் மேலேயே தைத்துப் பழகுங்கள். தாளில் விழும் ஓட்டை கோட்டை விட்டு எங்கே விலகியது என்று அப்படியே காட்டிக் கொடுக்கும். பழகி முடித்ததும் அந்த ஊசியைத் தனியே வைத்துவிடுங்கள். தாள் ஊசி முனையை மழுக்கிவிடும், அதே ஊசியால் துணி தைத்தால் நூல் இழையும்.

கால் மிதி மிஷினில் எல்லோரும் இடறுவது ஒரே இடத்தில்தான். கிளம்பும்போது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிவிடும், உடனே நூல் அறுந்துவிடும். கைச்சக்கரத்தின் மேல்பகுதி உங்களை நோக்கி வருமாறு வலது கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அந்த ஓட்டத்திலேயே காலை அழுத்துங்கள். இரண்டு பாதங்களையும் மிதியில் ஒன்றுக்கு ஒன்று சற்று முன்பின்னாக வைத்தால் இந்தப் பழக்கம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

இரண்டாம் நாள் நூல் கோர்க்கலாம். பருத்திக்கு 14ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கும் கேன்வாசுக்கும் 16. ஊசியின் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும். மேலிருந்து வரும் நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ, அந்தப் பக்கத்தை அந்தப் பள்ளம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் தையலே விழாது. முழுக்க மேலே ஏறாமல் மாட்டினால் தையல் விட்டுவிட்டுப் போகும். நூல் விஷயத்தில் பாட்டி பெட்டியில் கிடக்கும் பழைய கண்டை நம்ப வேண்டாம். ஒரு முழம் இழுத்துப் பிடித்துச் சுண்டிப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் அது இற்றுப்போன நூல்.

துணிக்கு அடியில் நூல் குப்பையாகச் சேர்ந்துகொண்டால் எல்லோரும் அடிநூல் சுற்றிய உருளையான பாபினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் தவறு மேலே இருக்கும். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளின் நடுவே உட்காராமல் வெளியே கிடக்கும், அல்லது மேலும் கீழும் ஏறி இறங்கும் கொக்கியில் கோக்க மறந்திருப்பீர்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருந்தால் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் உள்ளே போகாது. அப்படியும் சரியாகவில்லை என்றால் மட்டும் பாபின் கேஸைப் பாருங்கள். நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு லேசாக ஒரு முறை உதறினால் அது ஓர் இன்ச், இரண்டு இன்ச் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரை வரை இறங்கினால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். பக்கத்திலுள்ள சின்னத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. நாளடைவில் பிசின் மாதிரி இறுகி எல்லா அச்சையும் பிடித்துக்கொள்ளும். தையல் மிஷின் ஆயில் என்றே கேட்டு வாங்கி, எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, வேண்டாத துணியில் பத்து நிமிடம் ஓட்டி, வழிகிற எண்ணெயைத் துடைத்த பிறகு நல்ல துணியை வையுங்கள்.

மூன்றாம் நாள் ஒரு பழைய வேட்டித் துண்டில் நேர்க்கோடு, மூலை திரும்புதல், தொடக்கத்திலும் முடிவிலும் கெட்டித்தையல் (அதே இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டுவது) இவற்றைப் பழகினால் போதும். மூலையில் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். தையலை முடிக்கும்போதெல்லாம் அந்த நூல் கொக்கி உச்சியில் நிற்கட்டும், இல்லையென்றால் அடுத்த முறை மிதித்ததும் நூல் ஊசியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். தையலின் அளவு பருத்திக்கு இன்ச்சுக்கு 10 முதல் 12, தடித்த துணிக்கு 8.

துணியை வெட்டுவதற்கு முன்

கடையில் துணியின் அகலத்தைப் பன்னா என்பார்கள். 36 பன்னாவா 44 பன்னாவா என்று கேட்காமல் மீட்டர் கணக்குப் போடாதீர்கள். வாங்கி வந்த பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே அளவு எடுக்க வேண்டும். கழுவாத பருத்தி முதல் சலவையில் சுருங்கும். ஒரு மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை போய்விடுவது சாதாரணம். சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியைத் துணியின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியில் தலையணை உறை தைக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி வெள்ளைச் சட்டைகளைப் பணயம் வைக்காதீர்கள்.

வெட்டும்போது கரை ஓரத்துக்கு இணையாகவே நீளத்தை எடுங்கள். துணி மிஞ்சுமே என்று கோணலாக வெட்டினால் இரண்டு சலவையில் பை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். எந்தத் தையலாலும் பிறகு அதை நேராக்க முடியாது.

தலையணை உறை: முதல் பாடம்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாமே நேர்க்கோடு, ஜிப் இல்லை, பட்டன் நுழையும் காஜா இல்லை. ஆனால் இதை ஒழுங்காக முடித்தவர்களுக்கு மற்ற எல்லாம் எளிது.

தலையணைக்கு ஒரே அளவு கிடையாது. டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். 17 × 27 இன்ச் தலையணை என்று வைத்துக்கொள்வோம். ஓர் உறைக்கு ஒரே துண்டு: அகலம் 18½, நீளம் 62. கணக்கு இப்படி வருகிறது. முன்பக்கம் 27, பின்பக்கம் 27, தலையணை நழுவாமல் உள்ளே மடியும் நாக்கு 6, இரண்டு ஓர மடிப்புக்கும் தலா 1. 44 பன்னா துணியில் இரண்டு உறைகளை அருகருகே வெட்டலாம், எனவே 1¾ மீட்டரில் இரண்டும் முடிந்துவிடும். மிஞ்சுகிற ஒல்லிப் பட்டையை எறியாதீர்கள், அடுத்த பைக்கு நாடா அதில்தான்.

முதலில் இரண்டு குட்டை ஓரங்களையும் அரை இன்ச் மடித்து, மறுபடி அரை இன்ச் மடித்து, இஸ்திரி போட்டுத் தைத்துவிடுங்கள். பிறகு துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி மேஜையில் விரியுங்கள். ஒரு முனையிலிருந்து 6 இன்ச்சை மடித்துக்கொண்டு வாருங்கள், அது நாக்கு. மறுமுனையை எடுத்து, தைத்த ஓரம் நாக்கின் மடிப்புக்கோட்டைத் தொடும்படி அதன் மேல் மூடுங்கள். இப்போது துணியின் நல்ல பக்கம் இருபுறமும் வெளியே தெரியும். பக்கவாட்டு ஓரங்களைக் குண்டூசியால் பிடித்து, கால் இன்ச் விட்டு ஒரு தையல் போடுங்கள்.

நல்ல பக்கத்தில் தையல் தெரிகிறதே என்று பதற வேண்டாம், அதுதான் இந்த முறை. அந்தக் கால் இன்ச்சை அரைக்கால் இன்ச்சாக நறுக்கிவிட்டு, தொங்கும் நூல் பிசிறை எல்லாம் ஒட்ட வெட்டுங்கள். உறையை உள்வெளியாகத் திருப்பி, மூலைகளை ஒரு மழுங்கிய பென்சிலால் தள்ளி, ஓரத்தை விரலால் உருட்டி, தையல் சரியாக விளிம்பில் வரும்படி இஸ்திரி போடுங்கள். இப்போது விளிம்பிலிருந்து முக்கால் இன்ச்சில் பாதி, அதாவது 3/8 இன்ச்சில் இரண்டாவது தையல். திரும்பவும் நல்ல பக்கமாகத் திருப்பினால் வெட்டிய ஓரம் எங்கேயும் கண்ணில் படாது. இதைப் பிரெஞ்ச் சீம் என்பார்கள். ஓரத்தை நூலால் பின்னிவிடும் ஓவர்லாக் மிஷின் இல்லாத வீட்டில் துணி பிரியாமல் காக்க இது நல்ல வழி.

முதல் தையலுக்குப் பிறகு நறுக்காமல் விட்டால் இரண்டாவது தையலைத் தாண்டி பிசிறு மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மேலே கத்தரித்துப் பயனில்லை. இரண்டாவது தையலைப் பிரித்து, உள்ளே நறுக்கி, மறுபடி தைக்க வேண்டியதுதான். இஸ்திரியைத் தவிர்த்தவர்களுக்கும் இதே கதிதான். தையலில் பாதி வேலை இஸ்திரிப் பெட்டியுடையது.

அழுக்குத்துணிப் பை

வியர்வை ஊறிய துணியைப் பிளாஸ்டிக் கவரில் திணித்து ஒரு வாரம் வைத்தால் கரும்புள்ளி விழும். சென்னை, நாகை போன்ற கடற்கரை ஊர்களில் நான்கு நாளே போதும். அந்தப் புள்ளி வெள்ளைச் சட்டையை விட்டுப் போகாது. காற்றுப் போகிற துணிப் பை இதற்காகத்தான். காடாத் துணி, அல்லது இன்னும் இற்றுப்போகாத பழைய பெட்ஷீட் நல்லது.

19 இன்ச் அகலம், 56 இன்ச் நீளத்தில் ஒரு துண்டு. முடிந்த பை 18 × 26 இருக்கும், ஒரு வாரத் துணி தாராளமாகப் பிடிக்கும். இதில் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் நாடா ஓடும் குழாய். பக்கவாட்டை முழுக்கத் தைத்துவிட்டால் நாடா நுழைய வாசல் இருக்காது. அதனால் முதலில், துணியின் நான்கு மூலைகளிலிருந்தும் பக்க ஓரமாக 4½ இன்ச் நீளத்துக்கு மட்டும், கால் இன்ச் மடித்து மறுபடி கால் இன்ச் மடித்துத் தைத்துவிடுங்கள். பிறகு மேல் ஓரத்தை அரை இன்ச் மடித்து, அடுத்து 1½ இன்ச் மடித்து, அடி ஓரத்தில் ஒரு தையல். இரண்டு முனையிலும் இதைச் செய்தால் இரண்டு குழாய்கள் தயார்.

துணியை நடுவில் மடியுங்கள், நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கட்டும். குழாயின் தையலுக்குக் கீழே தொடங்கி அடிமடிப்பு வரை அரை இன்ச் விட்டுத் தைத்து வாருங்கள். தொடங்கும் இடத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் கெட்டித்தையல் போட வேண்டும். நாடாவை இழுக்கிறபோதெல்லாம் பாரம் விழுவது அந்த ஓர் இடத்தில்தான், பை கிழிவதும் அங்கேதான். முதல் தையலுக்குப் பக்கத்திலேயே ஒரு நூலிழை இடைவெளியில் இரண்டாவது தையலும் போடுங்கள்.

நாடா இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் 48 இன்ச். மிஞ்சிய ஒல்லிப் பட்டையை இரண்டு இன்ச் அகலத்தில் நீளவாட்டாகக் கிழித்து, இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்து, ஓரமாகத் தைத்தால் அரை இன்ச் நாடா கிடைக்கும். முனையில் ஒரு ஊக்கை மாட்டி, இடது வாசலில் நுழைத்து இரண்டு குழாய்களையும் சுற்றி மறுபடி இடது வாசலிலேயே வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்கள். இரண்டாவது நாடா வலது வாசலில் தொடங்கி வலது வாசலில் முடியட்டும். இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் பை வாய் இறுக மூடும். ஒரே நாடா போட்டால் வாய் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் திறந்தே கிடக்கும்.

சான்றிதழ் உறையும் அதற்குள் போக வேண்டியவையும்

கல்லூரிச் சேர்க்கை நாளில் எல்லோருடைய கையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதை நாற்காலியில் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறவர்கள் உண்டு. பைக்குள் தனியாகத் தெரிகிற துணி உறை ஒன்று இருந்தால் அந்தப் பயம் இல்லை.

முதலில் உங்களிடம் உள்ள பெரிய சான்றிதழைப் பிளாஸ்டிக் ஃபைலுக்குள் வைத்து, ஃபைலை அளந்துகொள்ளுங்கள். 10 × 14 இன்ச் ஃபைல் என்றால் கேன்வாஸ் அல்லது தடித்த பருத்தியில் 16 × 30 துண்டு போதும். 30 என்பது முன் 11, பின் 11, மூடும் மடல் 6, இரு முனை மடிப்பு 2. முனைகளை மடித்துத் தைத்துவிட்டு, மடல் வரும் 6 இன்ச்சின் பக்க ஓரங்களை அழுக்குப் பையில் செய்த மாதிரியே கால் கால் இன்ச்சாக மடித்துத் தையுங்கள். மீதியை நல்ல பக்கம் உள்ளே இருக்க 11 இன்ச்சில் மடித்து, இரு பக்கமும் அரை இன்ச் விட்டு இரட்டைத் தையல். மடலில் இரண்டு பிரஸ் பட்டன் போதும். வெல்க்ரோ போட்டால் அது தாளின் ஓரத்தைக் கவ்வும், வேண்டாம்.

உள்ளே போக வேண்டியவை: பத்தாம் வகுப்பு, மேல்நிலை மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தேவைப்படுகிறவர்களுக்கு வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும், ஆதார், வங்கிப் பாஸ்புக், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் பத்து. நகல் மூன்று செட் எடுத்து வேறு பையில் வையுங்கள், ஒரே உறையில் எல்லாம் இருந்தால் தொலையும்போது எல்லாமே தொலையும். வருவாய்த் துறை தரும் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது, தேர்வு முடிவு வந்த வாரத்தில் அங்கே வரிசை நீளும். அசல்களை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் ஒரு முத்திரையோ குறிப்போ போட வேண்டி வந்தால் வழி இருக்காது, உரிக்கப் போனால் தாளும் சேர்ந்து வரும்.

சரிபார்த்த பிறகு அசல் சான்றிதழ்களை மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. எந்தக் காரணத்துக்காவது கொடுக்க நேர்ந்தால், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் என்று எழுதி, முத்திரையோடு ரசீது வாங்காமல் நகராதீர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் இரண்டு இருக்கின்றன. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022இலிருந்து, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இலிருந்து. இரண்டுக்கும் மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். விடுமுறையிலேயே வங்கிக்குப் போய் இதை முடித்துவிட்டால், சேர்ந்தபின் ஒரு நாள் வகுப்பை விட்டு ஊருக்குத் திரும்பி வர வேண்டியிருக்காது.

சுடிதார் டாப்பில் ஒரு பாக்கெட்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம் பயன்படப் போவது இதுதான். கையில் போன், கழுத்தில் அடையாள அட்டை, பஸ் சில்லறை, சாவி. பை எடுக்காமல் மெஸ்ஸுக்கோ ஆய்வகத்துக்கோ போகும்போது எதை எங்கே வைப்பது? ரெடிமேட் டாப்புகளில் பாதிக்குப் பாக்கெட்டே இருப்பதில்லை. இருக்கிற பக்கத் தையலைப் பிரித்து அதில் பாக்கெட் வைப்பது ஒரு மணி நேர வேலை.

இடம் முக்கியம். டாப்பின் பக்கவாட்டுத் திறப்பான சைடு ஓபன் தொடங்குகிற முனையிலிருந்து ஓர் இன்ச் மேலே ஒரு குறி, அங்கிருந்து 6½ இன்ச் மேலே இன்னொரு குறி. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பக்கத் தையலை மட்டும் பிரியுங்கள். குறியிட்ட இரு முனையிலும் மிச்சத் தையல் ஓடிப் போகாமல் இருக்க, பிரிப்பதற்கு முன்பே அங்கே கெட்டித்தையல் போட்டுவிடுங்கள்.

பாக்கெட்டுக்கு மெல்லிய, ஆனால் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் 7 × 11 இன்ச் அளவில் இரண்டு துண்டு. நீளப் பக்கங்களில் ஒன்று டாப்போடு சேரும் பக்கம். அதில் மேலிருந்து 1 இன்ச் விட்டு 6½ இன்ச் வாய், மீதி 3½ இன்ச் கீழே தொங்கும். இந்தக் கீழ்ப் பகுதியை நேராக விடாமல் முன்பக்கமாகச் சரித்து வெட்டுங்கள். நேராக விட்டால் நடக்கும்போது சைடு ஓபன் வழியே பாக்கெட் எட்டிப் பார்க்கும்.

ஒரு துண்டின் நல்ல பக்கத்தை டாப் முன்பக்கத்தின் நல்ல பக்கத்தோடு வைத்து, வாய் வரும் 6½ இன்ச்சை மட்டும் தையுங்கள். தையல் பழைய தையல் கோட்டுக்கு ஒரு நூலிழை வெளியே, ஓரத்தை நோக்கிப் போகட்டும். உள்ளே தள்ளிப் போட்டால் டாப் அந்த இடத்தில் பிடிக்கும். இரண்டாவது துண்டைப் பின்பக்கத்தோடு அதே மாதிரி. பிறகு இரண்டு துண்டுகளையும் டாப்புக்கு உள்ளே முன்பக்கமாகத் தள்ளி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, வாயைத் தவிர்த்துச் சுற்றிலும் அரை இன்ச் விட்டு இரண்டு முறை தையுங்கள். கடைசியாக வாயின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் எல்லா மடிப்புகளையும் சேர்த்து அரை இன்ச் நீளத்துக்குக் குறுக்காக நான்கு முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். இதை மறந்தால் போனின் பாரத்தில் ஒரே மாதத்தில் ஓட்டையாகும். உடம்போடு ஒட்டிய டாப்பில் இதைச் செய்யாதீர்கள், போன் துருத்திக்கொண்டு தெரியும். துணி ஷிஃபானாக இருந்தாலும் வேண்டாம், பாரம் தாங்காமல் தோள் இழுக்கும்.

இதே குறுக்குத் தையலை எல்லா டாப்பின் சைடு ஓபன் முனையிலும் இப்போதே போட்டுவிடலாம். பஸ் படியேறும்போது முதலில் கிழிவது அந்த முனைதான்.

ரெடிமேட் பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பதானால் முதலில் ஒரு சலவை, பிறகு கல்லூரிக்குப் போடப் போகும் அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு அளவு. 1½ இன்ச் மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள், வெட்டிய துண்டைப் பத்திரப்படுத்துங்கள், ஒட்டுப்போட அதே நிறத் துணி வேறெங்கும் கிடைக்காது. ஆய்வகக் கோட்டைத் தைக்க முயல வேண்டாம். காலரும் கையும் ஆரம்பத்தில் வராது. கடையில் வாங்குங்கள், ஆனால் பருத்திதானா என்று பார்த்து வாங்குங்கள். பாலியஸ்டர் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

அறைக்குக் கொண்டுபோகும் டப்பா

ஒரு பழைய பிஸ்கட் டின் போதும். கை ஊசி நான்கு, வெள்ளை, கறுப்பு, கருநீல நூல், சட்டைப் பட்டன் ஆறு, கொக்கி, ஊக்கு பத்து, அரை இன்ச் எலாஸ்டிக் ஒரு மீட்டர், சின்னக் கத்தரி, இன்ச் டேப்.

பட்டன் தைப்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், அவசரத்தில் தைத்த பட்டன் ஒரு வாரம்தான் தாங்கும். இரட்டை நூல் ஒரு முழம் போதும், அதற்கு மேல் சிக்கும். முடிச்சைத் துணிக்கு மேலேயே, பட்டன் மறைக்கும் இடத்தில் வையுங்கள். பட்டனின் மேல் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்து, அதையும் சேர்த்து ஒவ்வொரு ஜோடித் துளையிலும் நான்கு முறை ஏறி இறங்குங்கள். தீக்குச்சியை உருவினால் பட்டன் லேசாகத் தொங்கும். அதை மேலே தூக்கிப் பிடித்து, அடியில் உள்ள நூலைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, கீழே குத்தி முடிச்சுப் போடுங்கள். அந்தக் குட்டிக் கழுத்து இருந்தால்தான் காஜாத் துணியின் தடிமனுக்கு இடம் கிடைக்கும். துணியோடு ஒட்டித் தைத்த பட்டன் ஒவ்வொரு முறை போடும்போதும் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

எலாஸ்டிக் மாற்றும்போது இடுப்பளவில் 3 அல்லது 4 இன்ச் குறைத்து வெட்டி, முனைகளை ஓர் இன்ச் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துச் சதுரமாகத் தையுங்கள். உள்ளே முறுக்கிக்கொள்ளாமல் ஊக்கால் பார்த்துப் பார்த்து ஓட்டுங்கள்.

விடுதிக் கொடியில் எல்லா வெள்ளைத் துண்டும் ஒன்றுபோல இருக்கும். உங்கள் துணி ஒவ்வொன்றின் உள் ஓரத்திலும் ஒரே நிற நூலால், உதாரணத்துக்கு ஆரஞ்சில், பெயரின் முதல் எழுத்தைப் பின்தையலில் போட்டுவிடுங்கள். மார்க்கர் பேனா நான்கு சலவையில் மங்கிவிடும்.

சேர்ந்த பிறகு

முதல் வாரத்தில் புத்தகம் எதையும் வாங்காதீர்கள். நூலகத்தில் என்ன இருக்கிறது, சீனியர்களிடம் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம். வருகைப் பதிவை முதல் நாளிலிருந்தே கணக்கு வையுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் தேர்வெழுத 75 சதவீதம் தேவை, தொடக்கத்தில் விட்ட நாள்களைக் கடைசியில் ஈடுகட்ட முடியாது. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் மாதம் கனமாகத்தான் இருக்கும். ஒரு தனி நோட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் புதிய சொல்லைத் தமிழ்ப் பொருளோடு எழுதி வாருங்கள். பெரும்பாலும் விஷயம் பள்ளியில் படித்ததுதான், பெயர்தான் புதிது.

ராகிங் பற்றி அடங்கிப்போகும்படி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். தமிழ்நாட்டில் அதற்கென்று 1997ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நாடு முழுவதற்குமான உதவி எண் 1800-180-5522. பெயர் சொல்லத் தயங்குகிறவர்கள் வீட்டாரைப் பேசச் சொல்லலாம். இந்த எண்ணைப் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், சான்றிதழ் உறைக்குள் ஒரு துண்டுத் தாளில் வீட்டு எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

கிளம்புகிற அன்று தலையணை உறை ஒன்றைத் தலையணைக்குப் போட்டு, மற்றதையும் துண்டையும் அழுக்குப் பைக்குள் சுருட்டி வைத்து, டின்னைப் பெட்டியின் மேல் அடுக்கில் வையுங்கள். முதல் நாள் இரவே யாராவது ஊசி நூல் கேட்பார்கள்.